அலமாரி வைக்க இடம் இருக்கிறது, 51வது சீட்டுக்கு ஏன் இல்லை? (அமெரிக்க விமானிகளின் ‘ஸ்கோப்’ சண்டை)

பென்டன்வில்_பயணி

வேலை விஷயமாக மாதம் இரண்டு முறை சிகாகோ ஓஹேரிலிருந்து பென்டன்வில் போய் வருகிறேன். டிக்கெட் யுனைடெட். வருகிற விமானம் பல நேரம் சிஆர்ஜே-550 என்ற சின்ன ஜெட். உள்ளே நுழைந்தால் வீட்டு பீரோ மாதிரி பெட்டி வைக்கும் அலமாரிகள், மொத்தம் நான்கு. முதல் வகுப்புக்காரர்கள் தாங்களே எழுந்துபோய் எடுத்துக்கொள்ள ஒரு தின்பண்டத் தட்டு. சலிப்பில் ஒருநாள் சீட்டுகளை எண்ணினேன். முதல் வகுப்பு 10, கால் நீட்ட இடமுள்ளது 20, சாதா 20. ஆக 50.

போன மாதம் டல்லாஸ் போனபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸில் சிஆர்ஜே-700. வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசல் அதே விமானம். அதில் 65 சீட்டு! பென்டன்வில்லுக்கு டிக்கெட் விலை என்னவென்று போகிறவர்களுக்குத் தெரியும். அப்படியிருக்க, காசு கொட்டும் சீட்டுகளைக் கழற்றிவிட்டு யாராவது பீரோ வைப்பார்களா? பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டேன். “பைலட் யூனியன்” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். கிண்டல் செய்தாரா, நிஜமா?

ரெக்கை

நிஜம்தான் தம்பி. அந்த பீரோவை வைத்தது வடிவமைப்பாளர் இல்லை, ஒப்பந்தத்தின் முதல் பிரிவு.

அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனம் ஒவ்வொன்றும் தன் விமானிகள் சங்கத்தோடு போடும் ஒப்பந்தத்தில் முதல் பிரிவு சம்பளமாக இருக்காது. ‘ஸ்கோப்’ என்று ஒன்று. இந்த நிறுவனத்தின் பெயரில் பறக்கும் விமானங்களை யார் ஓட்டலாம் என்பதுதான் அதில் இருக்கும். அடிப்படை விதி, எங்கள் பணிமூப்புப் பட்டியலில் இருப்பவர்கள் மட்டுமே ஓட்ட வேண்டும் என்பது. அதற்கு விதிவிலக்கு, இத்தனை சீட்டுக்குள், இத்தனை எடைக்குள், இத்தனை எண்ணிக்கைக்குள் இருந்தால் வெளி நிறுவனத்துக்குக் கொடுத்துக்கொள்ளலாம். மேல் வரம்பு இன்று டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் மூன்றிலும் 76 சீட்டு, 86,000 பவுண்டு. நம் கணக்கில் 39 டன்.

அந்த வெளி நிறுவனம்தான் ரீஜனல். ஐடி கம்பெனி வாசலில் நிற்கும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்மேல் கம்பெனி பெயர் இருக்கும், ஓட்டுநர் டிராவல்ஸ்காரரிடம் சம்பளம் வாங்குவார். இங்கும் அதே. யுனைடெட் எக்ஸ்பிரஸ் என்று விமானத்தின்மேல் எழுதியிருக்கும், ஓட்டுவது ஸ்கைவெஸ்ட்டாகவோ கோஜெட்டாகவோ இருக்கும். டிக்கெட் விலை வைப்பதும் விற்பதும் பெரிய நிறுவனம். ரீஜனலுக்கு ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி.

யுனைடெட்டுக்கு 70, 76 சீட்டு விமானங்களின் எண்ணிக்கையில் வரம்பு இருக்கிறது. அந்தக் கோட்டா நிரம்பிவிட்டது. 50 சீட்டுக் கோட்டாவில் இடம் இருந்தது. ஆகவே 2019இல் 70 பேர் உட்காரும் உடம்பில் 50 சீட்டைப் போட்டு, எழுத்தில் அதிகபட்ச எடையையும் 65,000 பவுண்டாகக் குறைத்துப் புதுப் பெயர் வைத்தார்கள். மிச்ச இடத்தில் பீரோ. அமெரிக்கனில் நீங்கள் எண்ணிய 65ம் சும்மா வந்ததில்லை. அவர்கள் ஒப்பந்தத்தில் 65க்கு அந்தப் பக்கம் இருந்தால் வேறு கோட்டா.

கணக்குப்பிள்ளை

ஆக, பைலட் சங்கம் தன் வேலையைக் காப்பாற்ற, நான் 50 பேர் விமானத்துக்கு 70 பேர் விமானத்தின் எரிபொருள் காசைக் கொடுக்கிறேன். கேட்கவே ஆனந்தமாக இருக்கிறது.

சீட்டோடு போனால் பரவாயில்லை. பிரேசிலின் எம்ப்ரேயர் நிறுவனம் இ175-இ2 என்று புது இன்ஜின் வைத்து ஒரு விமானத்தைச் செய்தது. பழைய இ175ஐவிட எரிபொருள் குறைவு. ஆனால் புது இன்ஜின் கனம், விமானம் 44 டன்னைத் தொட்டது. 39 டன் வரம்பு உள்ள அமெரிக்காவில் யார் வாங்குவார்கள்? அறிமுகத் தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். ஜப்பானில் மிட்சுபிஷி, ஸ்பேஸ்ஜெட் என்று ஆண்டுக்கணக்கில் பாடுபட்டது. அதுவும் எடை கூடுதல். அமெரிக்காவில் இந்த வரம்பு தளரும் என்று நம்பியிருந்தார்கள், தளரவில்லை. 2023 பிப்ரவரியில் மொத்தத் திட்டத்தையும் மூடிவிட்டார்கள். அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: உண்டு. ஆனால் டல்லாஸிலும் அட்லாண்டாவிலும் கையெழுத்தான ஒரு பத்தி, நகோயாவில் விமானம் கட்டுபவனின் தலையெழுத்தில் பங்கு கேட்கிறது. எங்காவது நடக்குமா இது?

கொலம்பஸ்_மீனா

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். அவ்வளவு பலம் உள்ள சங்கம், ஆரம்பத்திலேயே “வெளியே ஒன்றையும் விட மாட்டோம்” என்று சொல்லியிருக்கலாமே? 76 என்ற எண் எங்கிருந்து வந்தது?

பழைய_கோப்பு

மீனா கேட்டதுதான் சரியான கேள்வி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1978இல் அரசுக் கட்டுப்பாடு விலகியபின் சின்ன ஊர்களுக்கு 19 சீட்டு, 30 சீட்டு காற்றாடி விமானங்கள் ஓடின. போயிங் ஓட்டும் விமானிகளுக்கு அதைத் தொடவே மனமில்லை. சத்தம், குலுக்கல், சம்பளமும் குறைவு. ‘அதை யாராவது ஓட்டட்டும்’ என்று விட்டார்கள். விதிவிலக்கின் விதை அதுதான்.

அப்புறம் 1990களில் பம்பார்டியர் 50 சீட்டு ஜெட்டைக் கொண்டுவந்தது. டெல்டாவுக்கு ஓட்டிய ரீஜனல் கொமெய்ர், 1993இல் அதை ஓட்டத் தொடங்கியது. காற்றாடி இல்லை, ஜெட். பெரிய விமானம் போகும் தூரத்துக்குப் போகும். அப்போதுதான் மேலே இருந்தவர்களுக்கு உறைத்தது.

1997இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் சண்டைக்குப் போனதில் பெரிய பங்கு இதற்கு. புதிதாக வாங்கும் சின்ன ஜெட்டுகளை யார் ஓட்டுவது, நாங்களா, அமெரிக்கனின் ரீஜனலான ஈகிளா? பிப்ரவரி 15, நள்ளிரவு தாண்டியதும் வேலைநிறுத்தம். நீண்ட வாரவிடுமுறை வேறு. சில நிமிடங்களுக்குள் ஜனாதிபதி கிளின்டன் அவசரகால வாரியம் அமைத்து விமானிகளைத் திரும்ப வேலைக்கு அனுப்பிவிட்டார். எனக்குத் தெரிந்து இவ்வளவு குறுகிய வேலைநிறுத்தம் வேறு இல்லை. கடைசியில் என்ன முடிவு? வரம்புகளோடு ஜெட்டுகள் ஈகிளுக்கே போயின. பதிலுக்கு ஈகிள் விமானிகள் வரிசைப்படி அமெரிக்கனுக்குப் போக ஒரு வழி திறந்தது.

அதன்பின் 2001 செப்டம்பர் தாக்குதல். யுனைடெட், யுஎஸ் ஏர்வேஸ், பின்பு டெல்டா, நார்த்வெஸ்ட் என்று வரிசையாக திவால் மனு போட்டன. திவால் நீதிமன்றத்தில் நிறுவனத்துக்கு ஒரு கத்தி கிடைக்கிறது: தொழிலாளர் ஒப்பந்தத்தையே ரத்து செய்ய அனுமதி கேட்கலாம். கத்தியைப் பார்த்தபின் பேச்சுவார்த்தை எப்படி நடக்கும்? 50 என்பது 70 ஆனது, 70 என்பது 76 ஆனது. 76 என்பதில் எந்தப் பொறியியலும் இல்லை. அந்தந்த இரவில் எந்த இடத்தில் சங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதோ, அந்த எண்.

ரெக்கை

பழைய_கோப்பு சார் ஒன்றை நாகரிகமாக விட்டுவிட்டார். எல்லாமே பிடுங்கப்பட்டதில்லை. சிலவற்றை நாங்களே விற்றோம். பேச்சுவார்த்தை மேசையில் நிறுவனம் இரண்டு தட்டை வைக்கும். ஒன்றில் மேலே இருப்பவர்களுக்குச் சம்பள உயர்வு, ஓய்வூதியம். இன்னொன்றில் ‘வெளியே இன்னும் கொஞ்சம் ஜெட்டுகள்’. ஓட்டுப்போடுபவர்களில் பாதிப்பேர் பெரிய போயிங் 777இன் கேப்டன் ஆகப் போகிறவர்கள். 50 சீட்டு எங்கே போனால் அவர்களுக்கு என்ன? அந்த ஜெட்டில் உட்காரப் போகிறவன் அன்றைக்கு ஏதோ ஒரு பறக்கும் பள்ளியில் கடன் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஓட்டு இல்லை.

அந்த ‘அவன்’களில் நானும் ஒருவன்.

கொலம்பஸ்_மீனா

ரெக்கை அண்ணா, நீங்கள் ரீஜனலில் ஓட்டினீர்களா? அதைச் சொல்லுங்களேன்.

ரெக்கை

2005இல் சேர்ந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இப்போது அது இல்லவும் இல்லை. துணை விமானிக்கு முதல் வருடம் மணிக்கு இருபது டாலர் சொச்சம், மாதம் 75 மணிக்கு உத்தரவாதம். பெருக்கிப் பாருங்கள். அதிலும் ‘மணி’ என்றால் கதவு மூடி, பிரேக்கை விட்ட நிமிடத்திலிருந்துதான். ஜனவரியில் அதிகாலை நாலரைக்கு டார்ச் வைத்துக்கொண்டு இறக்கையைச் சுற்றிப் பனி தட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கையுறைக்குள் விரல் இருப்பதே தெரியாது. அந்த நேரத்துக்குக் காசு இல்லை. மூடுபனியில் கேட்டிலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அதற்கும் இல்லை. பயணி என்னைப் பார்த்து, “உங்களுக்கென்ன, லட்சம் லட்சமாகச் சம்பளம்” என்பார். வால்மேல் இருக்கும் பெயர் அப்படி.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு, மூன்றடுக்குக் கட்டில்கள், இருபது பேருக்குக் கிட்டத்தட்ட. கிராஷ்பேட் என்பார்கள். நடுக்கட்டில் எனக்கு. மேல்கட்டில்காரர் இறங்கினால் என் தலையணையில்தான் கால் வைப்பார்.

இரண்டு வருடத்தில் கேப்டன் ஆகிவிடலாம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். 2007 டிசம்பரில் ஓய்வு வயதை 60லிருந்து 65 ஆக்கினார்கள். மேலே ஒருவரும் நகரவில்லை, அடுத்த வருடம் பொருளாதாரம் சரிந்தது. அவ்வளவுதான், ஐந்து வருடம் அதே வலது சீட்டு, துணை விமானியின் இடம்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை ஒன்று உண்டு. பெரிய நிறுவனம் ஒரே நேரத்தில் ஐந்தாறு ரீஜனல்களை வைத்திருக்கும். நான்கு கடை ஏறி விலை கேட்கிற மாதிரி, “அவன் இந்த விலைக்கு ஓட்டுகிறான், நீ?” என்று கேட்கும். எங்கள் நிர்வாகம் எங்களிடம் வந்து, சம்பளத்தைக் குறைக்காவிட்டால் விமானங்கள் அடுத்தவனுக்குப் போய்விடும் என்னும். குறைத்தோம். குறைத்தும் போய்விட்டன. பணிமூப்பு என்பது அந்த நிறுவனத்தோடு முடிந்தது. அடுத்த ரீஜனலில் நான் பட்டியலின் கடைசிப் பெயர், முதல் வருடச் சம்பளம், மறுபடி நடுக்கட்டில்.

தஞ்சாவூர்_தாத்தா

இது புதுக்கதை இல்லை. நான் வேலை பார்த்த ஆலையில் நிரந்தரம், காண்ட்ராக்ட் என்று ஒரே மெஷினில் இரண்டு பேர் நிற்போம். கேன்டீனில் டோக்கன் நிறம்கூட வேறு. எங்கள் சங்கமும் முதலில் “அவர்கள் நம் ஆட்கள் இல்லை” என்றுதான் சொன்னது. ரெக்கை தம்பி, உங்கள் ரீஜனலில் சங்கமே கிடையாதா?

ரெக்கை

இருந்தது ஐயா. அதுதான் வேடிக்கை. ஆல்பா, 1931இல் தொடங்கியது. டெல்டா, யுனைடெட் விமானிகளுக்கும் அதுதான், பல ரீஜனல்களுக்கும் அதுதான். ஒரே சங்கத்தின் ஒரு கிளை வரம்பு போடும், இன்னொரு கிளை அந்த வரம்புக்குள் நிற்கும். கொமெய்ர், ஏஎஸ்ஏ என்ற இரண்டு ரீஜனல்களின் விமானிகள் சிலர் இதை எதிர்த்துத் தங்கள் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். ஸ்கைவெஸ்ட் விமானிகளுக்கு ஆல்பா மாதிரி சங்கம் கிடையாது. அவர்கள் அதிகம் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று ஒரு கட்சி. அதை ஆரம்பித்தால் இந்த இழை பொங்கல் வரை ஓடும்.

கணக்குப்பிள்ளை

ரெக்கை சொன்னதைப் படித்தபின் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. இவ்வளவு மோசம் என்றால் வேலைநிறுத்தம் செய்யவேண்டியதுதானே?

பழைய_கோப்பு

நினைத்தவுடன் செய்ய முடியாது. இவர்களுக்குப் பொருந்துவது 1926இன் ரயில்வே தொழிலாளர் சட்டம். 1936இல் விமானத்துக்கும் நீட்டினார்கள். அதன்படி ஒப்பந்தத்துக்குக் காலாவதியே இல்லை. ‘திருத்தலாம்’ என்ற தேதி மட்டும் வரும். அது தாண்டினாலும் பழைய சம்பளம், பழைய விதி ஓடிக்கொண்டே இருக்கும். பேச்சு முட்டினால் மத்தியஸ்த வாரியம். அந்த வாரியம் “இனி பேசிப் பயனில்லை” என்று விடுவித்தால்தான் 30 நாள் ஆறப்போடும் காலம் தொடங்கும். அதன் முடிவில்தான் வேலைநிறுத்தம். வாரியம் எப்போது விடுவிக்கும்? அதற்குக் கெடு கிடையாது. வருடக்கணக்கில் உட்காரவைக்கலாம். கடைசியாக ஒரு பயணிகள் நிறுவனத்தில் விமானிகள் நின்றது 2010 ஜூனில், ஸ்பிரிட்டில், ஐந்து நாள்.

ரீஜனலில் பெரிய சண்டை கொமெய்ர்தான். 2001 மார்ச் 26இல் தொடங்கி 89 நாள். அவர்கள் தளமான சின்சினாட்டியே அடங்கிப்போனது. நல்ல ஒப்பந்தம் வாங்கினார்கள். டெல்டா அதை மறக்கவில்லை என்றுதான் விமானிகள் பேசிக்கொள்வார்கள். 2012இல் டெல்டா தன் விமானிகளோடு புது ஒப்பந்தம் போட்டது: 76 சீட்டு ஜெட் கூடுதலாக 70 வரும், 300க்கு மேல் இருந்த 50 சீட்டுகள் 125 ஆகக் குறையும், அதற்கு ஈடாக 88 போயிங் 717கள் டெல்டா விமானிகளுக்கே வரும். அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் கொமெய்ர் மூடப்பட்டது. பழிவாங்கல் என்று நான் சொல்ல மாட்டேன். 50 சீட்டு ஜெட்டின் காலம் முடிந்துகொண்டிருந்தது, கொமெய்ரிடம் இருந்ததில் பெரும்பாலும் அதுதான்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தில் கவனிக்கவேண்டியது 717. சங்கம் ‘கூடாது’ என்று மட்டும் சொல்லவில்லை. “வெளியே ஒன்று போனால் உள்ளே இத்தனை வர வேண்டும்” என்று விகிதம் கட்டியது. என் பார்வையில் ஸ்கோப் வரலாற்றிலேயே கெட்டிக்காரத்தனமான பேரம் அது. பின்னால் 2019இல் டெல்டா 109 சீட்டு ஏர்பஸ் ஏ220ஐ இறக்கியபோது அதைத் தன் விமானிகளிடமே கொடுத்தது. சின்ன விமானம் என்றால் மலிவுக் கூலிக்குத்தான் ஓட்ட முடியும் என்பதெல்லாம் அப்போதே பொய்த்துப்போனது.

பென்டன்வில்_பயணி

படிக்கப் படிக்க ஒரு பயம். பாதுகாப்பு எப்படி? மலிவுக்கு விட்டால் விமானியும் மலிவா?

ரெக்கை

இதில் வாயை விடுவதற்குமுன் யோசிக்க வேண்டும். 2009 பிப்ரவரி 12, நூவர்க்கிலிருந்து பஃபலோ. டிக்கெட்டில் கான்டினென்டல் பெயர், ஓட்டியது கோல்கன் என்ற ரீஜனல். விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் மூக்கைக் கீழே தள்ளாமல் மேலே இழுத்தார். துணை விமானி முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து சரக்கு விமானங்களில் மெம்பிஸ் வழியாக வந்து, ஓய்வறை சோபாவில் கண்ணை மூடியவர். அவர் சம்பளம் வருடத்துக்கு 16,000 டாலர் அளவு என்று விசாரணையில் பேசப்பட்டது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்று எங்கள் கிராஷ்பேடில் ஒருவரும் பேசவில்லை. அந்த சோபாவில் நாங்கள் எல்லோரும் படுத்திருக்கிறோம்.

இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் வாஷிங்டன் படியேறியதால் 2010இல் சட்டம் வந்தது. 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி பறந்த அனுபவம் வேண்டும். டிக்கெட் விற்கும்போதே யார் ஓட்டுகிறார்கள் என்று முதல் திரையில் காட்ட வேண்டும்.

கணக்குப்பிள்ளை

அந்த விமானத்தில் இருவருக்குமே 1,500 மணிக்குமேல் இருந்தது. ஆக அந்த விதி விபத்துக்கு மருந்தில்லை, விமானிகளின் எண்ணிக்கையைக் குறைத்து விலையேற்றும் உத்தி என்பார்கள்.

ரெக்கை

இருந்தது, மறுக்கவில்லை. மணிக்கணக்கு அந்த இருவரைக் காப்பாற்றியிருக்காது. ஆனால் 250 மணியோடு வந்த பையன்களுக்குப் பக்கத்தில் நான் கேப்டனாக உட்கார்ந்திருக்கிறேன். நல்ல பையன்கள். முதல் பனிக்காலத்தில் விமானத்தையும் ஓட்டி, அவர்களையும் நான்தான் ஓட்டினேன்.

விலையேறியது என்பது உண்மை. கொரோனாவில் மூத்தவர்கள் ஓய்வில் போக, ஆள் கிடைக்கவில்லை. 2022 ஜூனில் அமெரிக்கனின் சொந்த ரீஜனல்கள் முதல்வருட துணை விமானிக்கே மணிக்கு 90 டாலர் என்றன. என் இருபதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அவுட்சோர்ஸ் செய்ததன் லாபமே மலிவுக்கூலிதான். கூலி ஏறியதும் 50 சீட்டுக் கணக்கு உதைத்தது, பல சின்ன ஊர்களின் நடைகள் நின்றன. அதில் எனக்குச் சந்தோஷமில்லை. அந்த ஊர்களின் ஓடுபாதைகள் எனக்குக் கை ரேகை மாதிரி.

கொலம்பஸ்_மீனா

இப்போது எங்கே ஓட்டுகிறீர்கள் அண்ணா?

ரெக்கை

2022இல் பெரிய நிறுவனம் ஒன்று கூப்பிட்டது. பதினேழு வருடம் கழித்து. போயிங், வலது சீட்டு, மறுபடி பட்டியலின் அடி. ஆனால் இந்தப் பட்டியல் வேறு.

அடுத்த வருடமே ஒப்பந்த ஓட்டெடுப்பு. 2023 எல்லா பெரிய நிறுவனத்திலும் விமானிகள் கை ஓங்கிய வருடம். டெல்டாவில் நான்கு ஆண்டில் 34 சதவீத உயர்வு, அமெரிக்கனும் யுனைடெட்டும் பின்னாலேயே. ஸ்கோப்பில் 76ம் 86,000மும் அசையவில்லை. விளக்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “நம் சின்ன விமானங்களைத் திரும்ப உள்ளே கொண்டுவரக் கேட்டீர்களா?” என்றார். கேட்டதாகச் சொன்னார்கள். மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை, அடுத்த கேள்வி விடுமுறை நாள் பற்றி.

நான் ‘சரி’ என்று ஓட்டுப்போட்டேன்.

என்னோடு பழைய நிறுவனத்தில் துணை விமானியாக இருந்த பையன் அன்றிரவு கூப்பிட்டான். இன்னும் ரீஜனல்தான். இந்தியாவிலிருந்து வந்தவன், விசா சிக்கலில் மேலே போக முடியாமல் நிற்கிறான். வாழ்த்து சொன்னான். அப்புறம், “அண்ணா, அந்த முதல் பிரிவு அப்படியேதான் இருக்கா?” என்றான்.

அப்படியேதான் இருக்கு என்றேன்.

பென்டன்வில்_பயணி

நேற்று திரும்பி வந்தேன். அதே 550. டிக்கெட்டில் யுனைடெட் எழுத்துக்குக் கீழே இருந்த சின்ன வரியை இந்த முறைதான் படித்தேன். இறங்கும்போது கேப்டன் கதவருகே நின்று எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பீரோவிலிருந்து பெட்டியை எடுக்க நான் கொஞ்சம் தாமதித்தேன், வரிசை பின்னால் நின்றது. “நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். கதவு திறந்துவிட்டது, அவருடைய மணி நின்றுபோயிருக்கும் என்று தோன்றியது. வேகமாக இறங்கிவிட்டேன்.